ஏகாம்பரம் போகாத நாலாவது கிளாஸ்

குருன்னதும் காவி, தாடி, மரத்தடின்னு யோசிக்க ஆரம்பிச்சிடாதீங்க. இந்த குருவுக்கு வயசு இருபத்தி நாலு. பேரு தில்ஷாத். காலேஜை ரெண்டாவது வருஷத்துல விட்டுட்டு வந்தவங்க. கொளத்தூர்ல ஒரு மீன் தொட்டிக் கடைக்குப் பக்கத்துல இரும்புப் படி ஒண்ணு செங்குத்தா மேல போகும். படி முடியற எடத்துல ஒரு ரூம். ரூம் பூரா ஹாம்ஸ்டர், அதான் கூண்டுல வளக்கற எலி வகை.

தெருவுல எல்லாரும் எலி குருன்னுதான் கூப்பிடுவாங்க. எலின்னா அவங்களுக்குக் கோவம் வராது. குருன்னா வரும்.

அந்தக் கடையில ஒரு சட்டம் உண்டு. மொதல் தடவை வாங்க வர்றவங்க நாலு நாள் வரணும். நாலு கிளாஸ். அதுக்கப்புறம்தான் ஹாம்ஸ்டரைக் கண்ணுல காட்டுவாங்க. பாதிப் பேரு, "போம்மா, லைசென்ஸ் எடுக்கறதே இதைவிட ஈஸி"ன்னுட்டுக் கீழ எறங்கி மீன் வாங்கிட்டுப் போயிடுவாங்க.

சிஷ்யனுக்கு வயசு நாப்பத்தொம்பது. பேரு ஏகாம்பரம். வில்லிவாக்கத்துல வீடு, பஸ்ஸுல கண்டக்டர் வேலை, கல்யாணம் ஆகல. தங்கச்சி பூங்கோதை குவைத்துல நர்ஸு. தங்கச்சி பொண்ணு தாரிகாவுக்குப் பத்து வயசு. ஒரு வருஷமா இவர்கிட்டதான் வளருது. அது ஹாம்ஸ்டர் கேட்டுச்சு. மாமன் படியேறி வந்தாரு.

மொதல் நாள் கேட்டாரு, "இத்த எப்படிம்மா பழக்குறது?"

தில்ஷாத் ஒரு காலிக் கூண்டுல மரத்தூளைக் கொட்டி, கதவைத் தொறந்து வெச்சாங்க. "கையை உள்ள வெச்சுட்டு உக்காருங்க."

"உள்ள ஒண்ணுமே இல்லியே?"

"இருக்குன்னு நெனச்சுக்கோங்க."

அரை மணி நேரம் ஆச்சு. "கை என்ன பண்ணுச்சு சார்?"

"இன்னா பண்ணும்? சும்மா கெடந்துச்சு."

"அதான்."

ரெண்டாம் நாள். "பகல் பூரா தூங்குதுன்றாங்களே. தட்டி எழுப்பி வெளையாடக் கூடாதா?"

தில்ஷாத் பாயைப் போட்டு அவரைப் படுக்கச் சொன்னாங்க. முந்தின நாள் ரெண்டு ஷிஃப்ட் பாத்த மனுஷன், தலை சாஞ்சதும் கொறட்டை. கொறட்டை ராகம் புடிக்கிற நேரத்துல பென்சிலால விலாவுல ஒரு குத்து. எழுந்த ஏகாம்பரம் வாயில வந்த வார்த்தையை இங்க எழுத முடியாது. கீழ மீன் கடையில இருந்த ஒரு அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்களாம்.

"நீங்க திட்டுனீங்க"ன்னாங்க தில்ஷாத். "அது கடிக்கும்."

மூணாம் நாள். "சனிக்கெழமை எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டலாமா? லேசா சீயக்கா போட்டு?"

தில்ஷாத் அவரையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. சிரிப்பை அடக்குனாங்களா, அழுகையை அடக்குனாங்களான்னு தெரியல. ஒரு கிண்ணத்துல சலிச்ச மணலைக் கொட்டி, ஒரு ஹாம்ஸ்டரை எறக்கி விட்டாங்க. அது மல்லாந்து, பொரண்டு, ஒதறி, பளபளன்னு எழுந்து போச்சு.

"தண்ணியே வேணாமா?"

"குடிக்க."

நாலாவது கிளாஸ், கையில தூக்கறது. அன்னைக்கு ஏகாம்பரம் வரல. டியூட்டின்னு சொல்லித் தாரிகாவை அனுப்பிட்டாரு. அந்தப் பொண்ணு ரெண்டு உள்ளங்கையையும் குழியாக்கி, முதுகுல கறுப்புக் கோடு போட்ட ஒரு சாம்பல் கலர் குட்டியைத் தூக்குச்சு. சுண்டல்னு பேரு வெச்சுச்சு. வீட்டுக்கும் கொண்டு போச்சு.

போறப்போ தில்ஷாத் சொன்னாங்க, "உங்க மாமாவுக்கு ஒரு கிளாஸ் பாக்கி இருக்குன்னு சொல்லு."

அது நடந்து ரெண்டு மாசம்.

ஏப்ரல் மாசத்துல ஒரு நாள், சரியா ரெண்டு மணி. இரும்புப் படியில தடதடன்னு சத்தம். காக்கிச் சட்டையோட ஏகாம்பரம் உள்ள வந்தாரு. கையில ஒரு செருப்புப் பொட்டி. கயித்தைக் கட்டி, கயித்தோட நுனியை ரெண்டு விரலால புடிச்சிருந்தாரு. வெடிகுண்டை அப்படித்தான் தூக்குவாங்க போல.

"செத்துட்டான்மா."

தில்ஷாத் தண்ணி பாட்டிலெல்லாம் கழுவிக்கிட்டு இருந்தாங்க. "யாரு?"

"சுண்டலு. அதே கலர்ல ஒண்ணு குடு. சீக்கிரம்."

"பாத்தீங்களா?"

"பாக்காமலா வர்றேன்? ஐஸ் மாதிரி கெடக்குறான்."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"தொட்டேன்." கொஞ்சம் நிறுத்துனாரு. "பேப்பரால."

"எவ்ளோ கனம் இருப்பான்?"

"ஏன், பார்சல் போடப் போறியா? நாலு பத்துக்கு அவ ஸ்கூல் வேன் வந்துரும்மா. அதுக்குள்ள கூண்டுல இன்னொருத்தன் இருக்கணும். ஆறு மணிக்கு குவைத்துலருந்து வீடியோ கால் வரும். தெனமும் இவனைத் தூக்கி அவங்கம்மாவுக்குக் காட்டுவா. வெளங்குதா?"

தில்ஷாத் கையைத் தொடச்சுட்டுப் பொட்டியைத் தொறந்தாங்க. சுண்டல் சுருண்டு கெடந்தான். கண்ணு மூடி. காலெல்லாம் வயித்தோட ஒட்டி. ஒரு விரலை அவன் விலாவுல வெச்சாங்க. எடுக்கவே இல்ல. சுவத்துக் கடிகாரத்துல முள்ளு ஒரு ரவுண்டு முழுசா சுத்துச்சு.

"ரூம்ல ஏசி ஓடுச்சா?"

"ஓடுச்சு. பதினாறுல."

"யாருக்கு?"

"இவனுக்குத்தான்! வெளியில வெயிலு மண்டையைப் பொளக்குது, இவன் கம்பளியைப் போத்திக்கினு கெடக்குறான். பாவமா கீதுன்னு காலையில அவ ஸ்கூலுக்குப் போனதும் போட்டு வுட்டேன். நா இது நாள் வரைக்கும் ஃபேன்லதான் படுக்குறேன், தெரியுமா?"

"கூண்டு எங்க இருந்துச்சு?"

"ஏசிக்கு நேர் கீழ. காத்து நல்லா படணும்ல. வெயிலு வரக் கூடாதுன்னு கர்ட்டனும் இழுத்து வுட்டேன்." சொல்லச் சொல்ல அவரு குரல் எறங்குச்சு. "தப்பா?"

தில்ஷாத் விரலை எடுத்தாங்க. "குளிர் ஏறுனா இந்தக் குட்டை வகை சில நேரம் அப்படியே அடங்கிடும். மூச்சு நிமிஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் வரும். பாத்தா செத்த மாதிரியே இருக்கும்."

"அப்போ சாவலியா?"

"சில நேரம் நெஜமாவே செத்திருக்கும்."

"இவன் எது?"

"தெரியாது."

"இன்னாது, தெரியாதா? குருன்றாங்க உன்னை!"

"கடைக்காரி நான். சட்டையில மேல் பட்டன் ரெண்டைக் கழட்டுங்க."

அப்படியே ஃபோனை எடுத்து மிருக டாக்டருக்குப் போட்டாங்க. ஸ்பீக்கர்ல டாக்டர் குரல். பின்னாடி ஒரு நாய் கத்துது. "உடம்புச் சூடு. மெதுவா. முழிச்சா தூக்கிட்டு வாங்க."

"முழிக்கலன்னா?" ஏகாம்பரம் ஃபோனுக்குள்ள கத்துனாரு.

டாக்டர் வெச்சுட்டாரு.

"என் வூட்டாண்ட ஹேர் டிரையர் கீது. சல்லுனு போய் எடுத்தாரேன்."

"வேணாம்."

"சுடுதண்ணி பாட்டிலு?"

"வேணாம். சட்டுனு சூடு ஏத்துனா அந்த நெஞ்சு தாங்காது. கை. வெறும் கை."

"அப்போ நீயே வெச்சிக்கயேன்மா, உனக்குப் பழக்கம்ல."

தில்ஷாத் தன் உள்ளங்கையை அவரு கன்னத்துல ஒரு நொடி வெச்சு எடுத்தாங்க. இவ்ளோ நேரம் தண்ணியில இருந்த கை. ஜில்லுன்னு இருந்துச்சு.

"உக்காருங்க சார். நாலாவது கிளாஸ்."

ஏகாம்பரம் ஸ்டூல்ல உக்காந்தாரு. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டுனாரு, ஊசி போட்டுக்கப் போற ஆளு மாதிரி. தில்ஷாத் சுண்டலை எடுத்து அதுல வெச்சாங்க. அந்தக் கையை அப்படியே மடக்கி, சட்டைக்குள்ள, நெஞ்சுக்குக் கிட்ட தள்ளி விட்டாங்க.



"இன்னாம்மா, இவ்ளோதான் இருக்கானா?" ஏகாம்பரம் கண்ணைத் தொறந்தாரு. "பத்து ரூபா காயின் அஞ்சு வெச்ச மாதிரி கீது."

"ம்."

"நா பெருசா நெனச்சேன்."

ஓடற பஸ்ஸுல, ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி எகிறுனாலும், கம்பியைப் புடிக்காம நின்னு டிக்கெட் கிழிக்கிற கை அது. இப்போ நடுங்குச்சு. ஸ்டூலோட சேந்து நடுங்குச்சு.

"நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். தொறக்காதீங்க."

ரெண்டு அம்பது. சுவத்துக் கடிகாரம் டிக் டிக்னு ஓடுது. கூண்டுங்க எல்லாம் அமைதி. பகல் இல்லியா, எல்லாம் தூங்குது. எங்கயோ ஒண்ணு மட்டும் எழுந்து சக்கரத்துல நாலு சுத்து சுத்திட்டுத் திரும்பப் படுத்துச்சு.

"ஏதாச்சும் தெரியுதா?"

"இல்ல. என் நெஞ்சுதான் அடிச்சிக்குது. அதுல இவனுது எங்க தெரியப் போவுது?"

மூணு மணி. மூணு பத்து. நெத்தியில வேர்வை வழிஞ்சு கண்ணுல எறங்குச்சு. தொடைக்கக் கை இல்ல. தில்ஷாத் ஒரு துண்டால ஒத்தி எடுத்தாங்க.

"வேற ஒண்ணை வெச்சா கண்டுபுடிச்சிருவாளா?"ன்னு கேட்டாரு.

"நீங்க சொல்லுங்க."

"மீனைக் கண்டுபுடிச்சிட்டா."

"எந்த மீனு?"

ஏகாம்பரம் சட்டைக்குள்ள குனிஞ்சு பாத்துக்கிட்டே பேசுனாரு. "அவ வந்த புதுசுல ஒரு ஃபைட்டர் மீனு வாங்கிக் குடுத்தேன். ஒரு நாள் மெதந்துச்சு. அழுவாளேன்னு அதே மாதிரி நீலத்துல ஒண்ணு வாங்கிப் போட்டு வெச்சேன். ஸ்கூல் வுட்டு வந்தா. பையைக் கூட எறக்கல. 'இது வேற மீனு மாமா, எங்க மீனு கண்ணாடிக்கு வந்து என்னைப் பாக்கும்'ன்றா. நா இல்ல, அதேதான்னு சாதிச்சேன். சாமி படத்து மேல கூட கை வெக்கப் போனேன்."

"அப்புறம்?"

"அவ கத்தல, அழல. ஒரே ஒரு கேள்வி கேட்டா. 'அம்மா பொங்கலுக்கு வருவாங்கன்னு சொன்னியே, அதுவும் இப்படித்தானா?'ன்னு."

தில்ஷாத் துண்டை மடிச்சு வெச்சாங்க.

"அதுவும் அப்படித்தான். அவங்கம்மாவுக்கு லீவு இல்லன்னு எனக்குத் தீபாவளிக்கே தெரியும்." மூக்கை உறிஞ்சுனாரு. "அன்னைலருந்து அவ என்னை ஒண்ணுமே கேக்கறதில்லம்மா. சாப்புடுன்னா சாப்புடுவா. படின்னா படிப்பா. ஆனா கேள்வி மட்டும் கேக்க மாட்டா. பத்து வயசுப் புள்ள, ஒரு கேள்வி கூடவா இருக்காது?"

அந்த நேரம் சட்டைக்குள்ள ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஏகாம்பரம் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாரு. "தோ! தோ! அசையுறான்!"

தில்ஷாத் குனிஞ்சு பாத்தாங்க. விரலை வெச்சாங்க. காத்திருந்தாங்க.

"உங்க கை நடுக்கம் சார்."

ஏகாம்பரம் திரும்ப உக்காந்தாரு.

மூணு முப்பது. தில்ஷாத் எழுந்து ஒரு கண்ணாடித் தொட்டிக்கிட்ட போய் நின்னாங்க. உள்ள ஒரு சாம்பல் கலர் குட்டி தூங்குது. முதுகுல கறுப்புக் கோடு. சுண்டலை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி. ஏகாம்பரம் வாயைப் பொளந்து பாத்தாரு. தில்ஷாத் குறுக்கால நின்னு, குனிஞ்சு, என்னமோ பண்ணாங்க. திரும்பி வந்து மூடி போட்ட ஒரு சின்ன அட்டைப் பொட்டியை மேஜையில வெச்சாங்க.

"நீங்க கேட்டது. வேன் வர்றதுக்குள்ள வீட்டுல இருக்கணும்னா மூணே முக்காலுக்காவது கெளம்பணும்."

"அப்போ இவன்?"

"செருப்புப் பொட்டியில வெச்சுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ கையில வெச்சிப்பியா?"

"எனக்கு இன்னும் இருபது கூண்டு கழுவணும்."

ஏகாம்பரம் அந்தப் பொட்டியைப் பாத்தாரு. சட்டைக்குள்ள பாத்தாரு. கடிகாரத்தைப் பாத்தாரு. மூணு முப்பத்தி மூணு. கண்டக்டருக்கு நேரம் ரத்தத்துல ஓடும். ஒரு நிமிஷம் லேட்டானாலே காலு தரையில நிக்காது. இப்போ ரெண்டு காலும் தாளம் போடுது.

"நீ இன்னா சொல்ற?"

"மணி சொல்றேன். மூணு முப்பத்தஞ்சு."

"கிண்டலா?"

"மூணு முப்பத்தாறு."

"இவன் பொழைப்பானா, மாட்டானா? அத்த மட்டும் சொல்லு. பொழைப்பான்னா உக்காந்திருக்கேன். மாட்டான்னா கெளம்புறேன். ஒரே வார்த்தை."

"தெரியாது சார்."

ஏகாம்பரம் எழுந்துட்டாரு. மேஜை வரைக்கும் போனாரு. ஒரு கையை சட்டையில இருந்து வெளிய எடுக்கணும், பொட்டியைத் தூக்கணும், அவ்ளோதான். ஒரு கை வெளிய வந்தா சுண்டல் மேல பாதி மூடி இருக்காது. அப்படியே நின்னாரு.

மூணு நாப்பத்தி மூணு.

"எம்மா. என் பேன்ட் பாக்கெட்ல ஃபோனு கீது. எடு."

தில்ஷாத் எடுத்தாங்க.

"நாதமுனின்னு இருக்கும். வேன் டிரைவரு. போட்டுக் காதுல வெய்யி."

ஃபோன்ல நாதமுனி குரல் ரூம் பூரா கேட்டுச்சு. "சொல்லுண்ணே!"

"நாதமுனி, தாரிகாவை வூட்டாண்ட எறக்காத. கொளத்தூர்ல மீன் தொட்டிக் கடை இருக்குல்ல, மாடியில எலிங்க. அங்க எறக்கு."

"இன்னாண்ணே விளையாடுறியா? உன் பஸ்ஸுல நா ஸ்டாப் இல்லாத எடத்துல எறக்குன்னா நீ எறக்குவியா? விசில் அடிச்சு அசிங்கப்படுத்துவ!"

"அடிப்பேன்டா. தப்புதான்டா. இன்னைக்கு எறக்குடா."

"இன்னாண்ணே, குரலு ஒரு மாதிரி கீது?"

"எறக்குடா."

திரும்ப வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு. இப்போ காலு தாளம் போடல.

நாலு மணி. கை ரெண்டும் மரத்துப் போச்சு. தோள்பட்டை கெஞ்சுது. சுண்டல் அசையல. "இவன் ஜில்லுன்னு இருக்கானா, என் கை சூடா இருக்கான்னே தெரியலம்மா"ன்னாரு. தில்ஷாத் ஒரு பாட்டில் கழுவி முடிச்சு அடுத்ததை எடுத்தாங்க.

நாலு பத்து. கீழ வேன் ஹாரன். இரும்புப் படியில சின்னக் காலு ஏறுற சத்தம். டங். டங். டங். ஒவ்வொரு டங்குக்கும் ஏகாம்பரம் கண்ணு சுருங்குச்சு.

தாரிகா வாசல்ல நின்னா. ரெட்டை ஜடை, ஒண்ணு அவுந்து தொங்குது. மாமனைப் பாத்தா. தொறந்த சட்டையைப் பாத்தா. கேள்வி கேக்கல. சும்மா நின்னா.

ஏகாம்பரம் தில்ஷாத்தைத் திரும்பிப் பாத்தாரு. தில்ஷாத் பாட்டில்தான் கழுவுறாங்க.

"தாரி, சட்டைக்குள்ள சுண்டலு இருக்கான்."

தாரிகா ஒரு எட்டு வெச்சா.

"நா ஏசி போட்டேன். நீ போனதும். அவனுக்கு வேர்க்கும்னு நெனச்சேன். குளிர்ல அடங்கிட்டான். வந்து பாத்தா ஐஸா கெடந்தான். ரெண்டு மணி நேரமா இப்படியே வெச்சிருக்கேன்."

"செத்துட்டானா?"

முழுசா நாலு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு கேட்ட மொதல் கேள்வி அதுதான்.

ஏகாம்பரம் வாயைத் தொறந்தாரு. மூடுனாரு. இல்லவே இல்லன்னு சொல்ல நாக்கு முன்னாடி வந்து நின்னுச்சு, அது அவரு முகத்துல தெரிஞ்சுச்சு.

"தெரியல தாரி."

"அந்தப் பொட்டியில என்ன?"

"வேற ஒருத்தன். இவனை மாதிரியே. உன்னை ஏமாத்தறதுக்கு வாங்க வந்தேன்."

"மீன் மாதிரியா?"

"மீன் மாதிரி."

தாரிகா ஸ்கூல் பையை எறக்கிக் கீழ வெச்சா. பொட்டியைத் திரும்பிக் கூட பாக்கல. நேரா வந்து, "தள்ளு மாமா, நீ தப்பா புடிச்சிருக்க"ன்னு சொல்லித் தன் கையையும் சட்டைக்குள்ள விட்டா. மாமன் கைக்கு மேல அவ கை. ரெண்டு பேரு தலையும் முட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் மூச்சு விடவே பயந்தாங்க.

நாலு இருவது.

நாலு இருவத்தி நாலு.

"மீசை"ன்னா தாரிகா.

"என் கை நடுக்கம்மா அது."

"உன் கை நடுங்கவே இல்ல மாமா."

நெசம்தான். எப்போ நின்னுச்சுன்னு அவருக்கே தெரியல.

மீசையில ஒரு முடி ஆடுச்சு. நின்னுச்சு. திரும்ப ஆடுச்சு. விலா ஒரு தடவை உப்பி அடங்குச்சு. அடுத்த மூச்சு வரவே இல்ல. தில்ஷாத் கையில பாட்டில் அந்தரத்துல நிக்குது. தண்ணி சொட்டுது. அப்புறம் வந்துச்சு. அதுக்கப்புறம் இன்னொண்ணு, கொஞ்சம் சீக்கிரமா. ஒடம்பு பூரா வெடவெடன்னு ஒதற ஆரம்பிச்சுச்சு. ஒரு கண்ணு, பாதி, கறுப்பா தொறந்துச்சு.

"அய்யோ!" ஏகாம்பரம் கத்துன கத்துல கீழ மீனெல்லாம் மூலைக்கு ஓடியிருக்கும். "கடிச்சிட்டான்! ரத்தம் வருது!"

"முழிச்சதும் கடிப்பான் மாமா. ரெண்டாவது கிளாஸ்ல நீ மட்டும் கெட்ட வார்த்தை பேசலியா?"

"அத்த உனக்கு யாரு சொன்னது?"

"கீழ மீன் கடை அக்கா."

ஏகாம்பரம் சிரிக்கிறாரா அழறாரான்னு தெரியல. விரல்ல ரத்தம் சொட்டுது, ஆனா கையைத் தொறக்கல. தில்ஷாத் குளுக்கோஸ் தண்ணி ஒரு சொட்டு எடுத்து சுண்டல் வாய் ஓரத்துல வெச்சாங்க. நக்குனான். இன்னொரு சொட்டு. நக்குனான். அதுக்கப்புறம் ஏகாம்பரம் விரலுக்கு மருந்து போட்டுத் துணி சுத்தி விட்டாங்க.

"இவன் சுண்டல்தானே?" தாரிகா அவன் எடது காதைத் தூக்கிப் பாத்தா. காது ஓரத்துல ஒரு சின்ன வெட்டு. தலையாட்டிக்கிட்டா.

"பெரிய ஆபத்து தாண்டிடுச்சு. ஆனா டாக்டர் இப்பவே பாக்கணும்"னாங்க தில்ஷாத். "ஏசி கிட்டயே போகக் கூடாது. வெயில்லயும் வெக்கக் கூடாது. உங்களுக்கு எது சரியா இருக்கோ, அவனுக்கும் அதான்."

"அப்போ ஃபேனு"ன்னாரு ஏகாம்பரம்.

"ஃபேன் காத்தும் நேரா படக் கூடாது."

"இவனுக்கு இன்னாதான்மா வேணும்?"

தாரிகா துணியில சுத்துன சுண்டலை நெஞ்சோட வெச்சுக்கிட்டு வாசலுக்குப் போனா. மொதல் படியில காலை வெச்சவ நின்னா.

"மாமா, அம்மா எப்போ வருவாங்க?"

ஏகாம்பரம் கட்டுப் போட்ட விரலைப் பாத்தாரு.

"தெரியல தாரி. லீவு கேட்டிருக்கா. குடுப்பாங்களான்னு அவளுக்கே தெரியல. எனக்கும் தெரியல."

தாரிகா "ம்"னா. "சீக்கிரம் வா. இவன் டாக்டர்கிட்ட போகணும்"னு சொல்லிட்டு, ஒவ்வொரு படியா, சத்தமே இல்லாம எறங்குனா.

ஏகாம்பரம் பட்டனைப் போட்டாரு. கை இன்னும் மரத்துக் கெடந்ததால ரெண்டு தடவை தப்பா போட்டாரு.

"பொழைப்பான்னு உனக்கு முன்னாடியே தெரியும். சும்மா என்னை ஆட்டி வெச்சேல்ல?"

"தெரியாது சார்."

"நெசமாவா?"

"நெசமா."

கெளம்புறவரு மேஜைக்கிட்ட நின்னாரு. மூடி போட்ட அட்டைப் பொட்டி அப்படியே இருந்துச்சு. உள்ள இருக்கறவனையும் ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு மூடியைத் தூக்குனாரு.

மரத்தூள். அவ்ளோதான்.

சாம்பல் கலர் குட்டி, முதுகுல கறுப்புக் கோட்டோட, கண்ணாடித் தொட்டியில அதே மூலையில தூங்கிக்கிட்டு இருந்தான்.

"இன்னாம்மா இது? காலிப் பொட்டி!"

"ஆமா."

"நா இத்தத் தூக்கினு போயிருந்தா? போய் கூண்டாண்ட வெச்சுத் தொறந்தா? வாசல்ல வேனு வந்து நின்னிருக்கும்! என் கதி?"

தில்ஷாத் கடைசி பாட்டிலைக் கவுத்து வெச்சாங்க.

"ஏய், இரு இரு." ஏகாம்பரம் விரலை ஆட்டுனாரு. "போற வரைக்கும் ஏன்? தூக்கும்போதே தெரிஞ்சிருக்காதா எனக்கு? கனமே இல்லியே இது!"

தில்ஷாத் கையைத் தொடச்சுக்கிட்டே நிமிந்து பாத்தாங்க.

"இப்போ தெரியுது. ரெண்டு மணிக்குத் தெரிஞ்சிருக்காது சார்."